பட்டுவின் கண்கள் ஏன் மூடவில்லை?

கால்நடை மருத்துவரான எனக்கு வந்த எட்டுப் பக்கக் கடிதம். கூடவே இரண்டு புகைப்படங்கள், ஒரு ரத்தப் பரிசோதனை அறிக்கை. எழுதியவர் காவிரிக்கரை ஊர் ஒன்றில் பள்ளி ஆசிரியை. பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். பூனைகளின் பெயரையும் நானே மாற்றிவிட்டேன். கடிதத்தின் சுருக்கம் இது:

பன்னிரண்டு ஆண்டுகள் வீட்டில் வளர்ந்த பட்டு என்ற பெண் பூனை ஏழு மாதங்களுக்கு முன் இறந்துவிட்டது. சென்ற கோடையில் அவள் குளியலறை வாளியை எட்டி எட்டித் தண்ணீர் குடித்தாள். வெயிலுக்குக் குடிக்கிறாள் என்று வீட்டில் நினைத்தார்கள். ஆடி பிறந்தபோது தடவினால் முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது. மீனை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள், வாந்தி எடுத்தாள். பரிசோதனையில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் 9.8. ஐந்து நாள் டிரிப்ஸ் ஏற்றியும் இறங்கவில்லை. ஆறாம் நாள் வலிப்பு வந்தது, உடம்பு சில்லிட்டது. மருத்துவர் கருணைக்கொலை ஊசியைப் பற்றிச் சொல்ல, வாசகி கையெழுத்துப் போட்டு, மடியிலேயே வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவருக்கு நிம்மதி இல்லை. "என்னைப் பார்த்துக்கொண்டே போனாள், கண்ணை மூடவே இல்லை. எல்லாம் முடிந்தது என்று டாக்டர் சொன்ன பிறகும் வாயைத் திறந்து ஒரு தடவை மூச்சை இழுத்தாள். உயிர் இருக்கும்போதே கொண்டுபோய்ப் புதைத்துவிட்டேனோ" என்று எழுதுகிறார். பூனையைக் கொன்ற பாவம் சும்மா விடாது என்கிறார் மாமியார். ஒரு பூனைக்காக யாராவது லீவு போடுவார்களா என்று பள்ளியில் சிரித்திருக்கிறார்கள். ஏழு வயது மகனிடம் பட்டு டாக்டர் வீட்டில் இருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். கணவர் புதுக் குட்டி ஒன்று வாங்கலாம் என்கிறார். இதற்கு நடுவில் வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கிறது. பட்டுவைப் புதைத்த கொல்லைப்புறத்தில் வீட்டுக்காரர் கார் நிறுத்தக் கொட்டகை போடப்போகிறார். எலும்பையாவது எடுத்துக்கொண்டு போய்விடலாமா என்பது வாசகியின் கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த ரத்த அறிக்கையைப் பார்த்தேன். பூனைகளின் நாள்பட்ட சிறுநீரக நோயை நாங்கள் நான்கு நிலைகளாகப் பிரிப்போம். கிரியேட்டினின் 5-ஐத் தாண்டினாலே நான்காவது, அதாவது கடைசி நிலை. பட்டுவுக்கு 9.8. ஐந்து நாள் டிரிப்ஸுக்குப் பிறகும் அது இறங்கவில்லை, வலிப்பும் வந்துவிட்டது என்றால், ரத்தத்தில் சேர்ந்த கழிவு மூளையைத் தொட்டுவிட்டது என்று பொருள். அந்த இடத்திலிருந்து ஒரு பூனையைத் திருப்பிக் கொண்டுவர எங்களிடம் வழி இல்லை. ஊசி போடாமல் இருந்திருந்தாலும் ஓரிரு நாளில், அனேகமாக இன்னும் சில வலிப்புகளுக்குப் பிறகு, அவள் போயிருப்பாள்.

வாளித் தண்ணீரைக் கவனிக்காமல் விட்டேனே என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். இதில் ஒளிவு மறைவில்லாமல் பேசுகிறேன். பூனையின் சிறுநீரகங்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு செயலிழந்த பிறகுதான் சிறுநீர் நீர்த்துப்போகும், தாகம் கூடும். ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு போன பிறகே கிரியேட்டினின் ஏறும். ஆகவே அவள் வாளியை எட்டிய முதல் நாளிலேயே பெரும் சேதம் நடந்து முடிந்திருந்தது. அப்போதே அழைத்துப் போயிருந்தால் சிறுநீரகத்துக்கு ஏற்ற உணவு, மருந்து என்று பார்த்துச் சில மாதங்கள் கூடுதலாகக் கிடைத்திருக்கலாம். சில பூனைகளுக்கு ஓரிரு ஆண்டுகள்கூடக் கிடைக்கும். நோய் குணமாகியிருக்காது. அக்கினி நட்சத்திரத்தில் பூனை தண்ணீர் குடிப்பதைப் பார்த்து நோய் என்று சந்தேகப்படுகிறவர்கள் மிகக் குறைவு. எடை குறைந்ததை உங்கள் கை கண்டுபிடித்தது, நீங்கள் உடனே கிளம்பினீர்கள். மருத்துவமனைக்கு வரும் பெரும்பாலான பூனைகள் அப்படித்தான் வருகின்றன. நோயை மறைப்பது பூனையின் சுபாவம். காட்டில் வேட்டையாடுகிற அதே உடம்பு, வேறொன்றுக்கு இரையாகவும் கூடியது. பலவீனத்தை வெளியே காட்டினால் அங்கே பிழைக்க முடியாது.

உங்கள் மடியில் நடந்தது என்ன

கடிதத்தில் உங்களை அதிகம் வதைப்பது இந்தப் பகுதிதான். அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

பொதுவாக முதலில் மயக்க ஊசி போடுவோம். அதில் கெட்டமின் என்ற மருந்து இருந்தால் பூனையின் கண்கள் திறந்தே இருக்கும். அறுவை சிகிச்சை மேசையிலும் அப்படித்தான். கண் காய்ந்துபோகாமல் இருக்க நாங்கள் களிம்பு தடவி வைப்போம். பார்வை இருப்பதுபோல் தெரியும், உள்ளே நினைவு இருக்காது. அடுத்து நரம்பில் ஏற்றுவது, மயக்கத்துக்கே பயன்படும் வேறொரு மருந்தின் மிகை அளவு. மூளை முதலில் அடங்கும், பிறகு மூச்சு, கடைசியில் இதயம். சில விநாடிகளிலிருந்து ஒன்றிரண்டு நிமிடங்களுக்குள் எல்லாம் முடிந்துவிடும். இறந்த பிறகும் கண் தானாக மூடுவதில்லை. இமை மூடுவதற்குத் தசை இழுக்க வேண்டும். அந்தத் தசைக்குக் கட்டளை இடுவதற்கு அங்கே யாரும் இல்லை. சினிமாவில் கையால் தடவினால் மூடும் கண்களைப் பார்த்துப் பழகிவிட்டோம்.

பிறகு வந்த அந்த ஒரு மூச்சு. இதயம் நின்ற பின்னும் மூளைத் தண்டில் எஞ்சிய அனிச்சைச் செயலால் வாய் திறக்கும், மார்பு ஒருமுறை ஏறி இறங்கும். சில சமயம் கால் துடிக்கும், சிறுநீர் பிரியும். இதில் வலியோ நினைவோ இல்லை. இதையெல்லாம் உங்கள் மருத்துவர் ஊசி போடுவதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். என் தொழிலில் இருப்பவர்கள் பலரும் அந்த நேரத்தில் பேசத் தயங்கி, சொல்லாமல் விட்டுவிடுகிறோம். ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நெஞ்சைக் கேட்டார் என்றும், சற்றுப் பொறுத்து மறுபடியும் கேட்டார் என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டாவது முறை கேட்டது உறுதி செய்வதற்குத்தான். உயிரோடு புதைக்கவில்லை, சகோதரி. அந்த ஒரு சந்தேகத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

தங்கப் பூனை

பூனையைக் கொன்றால் தங்கத்தில் பூனை செய்து தானம் கொடுக்க வேண்டும் என்று உங்கள் மாமியார் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். என் பாட்டியும் அதையே சொல்வார். களஞ்சியத்தை எலியிடமிருந்து காத்த பிராணியை யாரும் அடித்துக் கொன்றுவிடக் கூடாது என்று பெரியவர்கள் போட்ட வேலி அது என்பது என் எண்ணம். கோபத்தில் கல்லெறிந்து கொல்கிறவனுக்கு வைத்த தண்டனை. ஐந்து நாள் ராத்திரி கண் விழித்து, சலைன் பாட்டிலைச் சுடுதண்ணீரில் இளஞ்சூடாக்கி ஏற்றிய உங்களுக்கு அது எந்த வகையிலும் பொருந்தாது. அவரிடம் இதைச் சொல்லி வாதாட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கடிதத்தின் ஓர் ஓரத்தில், மத்தி மீன் தலையைப் பட்டுவுக்கென்று தனியாக எடுத்துவைத்தவரும் அவர்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கும் உள்ளே ஏதோ அறுகிறது. அது பாவம், தோஷம் என்று வெளியே வருகிறது.

சட்டம் பற்றியும் பக்கத்து வீட்டார் பயமுறுத்தியிருக்கிறார்கள். 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் தண்டிப்பது, தேவையில்லாத வலியையும் துன்பத்தையும் விளைவிப்பதை. மீள வழியில்லாத நோயில் துடிக்கும் விலங்கை, உரிமையாளர் எழுதிக் கொடுத்த சம்மதத்தோடு, பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் வலியில்லாமல் விடுவிப்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட மருத்துவ நடைமுறை. உங்கள் கையெழுத்து உள்ள தாளின் நகல் வேண்டுமென்றால் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் பயப்பட ஒன்றும் இல்லை.

பள்ளியில் சிரித்தவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. உங்களுக்காக ஒன்று சொல்கிறேன். பழைய எகிப்தில் வீட்டுப் பூனை இறந்தால் வீட்டிலிருந்த எல்லோரும் புருவத்தை மழித்துக்கொண்டார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதிவைத்திருக்கிறார். ஆகவே பூனைக்குத் துக்கம் காப்பதை நீங்கள் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் ஏழு மாதமாகியும் விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துவிடுகிறேன், பாடம் நடத்தும்போது வார்த்தை நின்றுவிடுகிறது என்ற வரிகள் எனக்குக் கவலை தருகின்றன. அது என் துறையும் அல்ல. 14416 என்பது அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். கட்டணம் கிடையாது, எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். பூனைக்காகப் போய் அழைப்பதா என்று கூச்சப்படாதீர்கள்.

ஐந்து பக்கமும் ஒன்பது வரியும்

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. கடைசி ஆறு நாளுக்கு ஐந்து பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். அதற்கு முந்தைய பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒன்பது வரி. திருத்திய விடைத்தாள் கட்டின் மேல் ஏறிப் படுத்து, சிவப்பு மை பட்ட பாதத்தோடு வீடு முழுக்க நடந்தது. குக்கர் முதல் விசிலுக்குப் பீரோவுக்கு அடியில் ஓடி, மூன்றாவது விசிலுக்கு மீன் வாசனை பிடித்துத் திரும்பி வந்தது. இன்னும் இரண்டு மூன்று. அவ்வளவுதான். பட்டுவை மறந்துவிடுவேனோ என்று பயப்படுகிறீர்கள். என் கணக்கில், இப்போது நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது பட்டுவை இல்லை, அவளுடைய நோயை.

ஆகையால் அந்த ஒன்பது வரியை நீட்டச் சொல்கிறேன். ஒரு நோட்டில் எழுதுங்கள். நீங்கள் மட்டும் எழுதினால் மறுபடியும் ஆடி மாதத்துக்கே போய்விடுவீர்கள். கணவரிடம் கேளுங்கள், மகனிடம் கேளுங்கள், முக்கியமாக மாமியாரிடம் கேளுங்கள். பகல் முழுக்க நீங்கள் பள்ளியில் இருந்தபோது அவளோடு இருந்தவர் அவர். உங்களுக்குத் தெரியாத ஒரு பட்டு அவரிடம் இருப்பாள்.

தினமும் ராத்திரி டிரிப்ஸ் ஏறும் வீடியோவைப் போட்டுப் பார்ப்பதாகச் சொல்கிறீர்கள். அதை அழிக்க வேண்டாம்; அழித்தால் அதற்கும் ஒருநாள் வருத்தப்படுவீர்கள். அந்த ஆறு நாள் படங்களையும் ஒரு பென்டிரைவில் போட்டுக் கணவரிடம் கொடுத்துவிட்டு, செல்பேசியிலிருந்து எடுத்துவிடுங்கள். மாலை போட்ட படத்தைச் சாமி அறையில் வைக்கலாமா என்று கேட்டீர்கள். மாமியாருக்கு மனமில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். நீங்கள் அனுப்பிய இரண்டாவது படம், ஜன்னல் கம்பிக்கு நடுவில் தலையை விட்டுக்கொண்டு முழிக்கிறாளே, அதற்கு மாலை பொருந்தவும் பொருந்தாது. உங்கள் விடைத்தாள் மேசைக்கு எதிர்ச் சுவரில் மாட்டுங்கள்.

ஃபிரிட்ஜில் மிச்சமிருக்கும் மாத்திரை, ஊசி, திறந்த சலைன் பாட்டில் ஆகியவற்றை நினைவுப் பொருளாக வைத்திருக்காதீர்கள். மருத்துவமனையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வீட்டில் இன்னொரு பூனையும் ஒரு குழந்தையும் இருக்கிறார்கள்.

கொல்லைப்புறத்தைத் தோண்டலாமா?

வேண்டாம் என்பதே என் பதில். காரணம் உணர்ச்சி சார்ந்தது இல்லை. இரண்டரை அடிக் குழியில், உங்கள் பழைய பருத்திப் புடவையில் சுற்றி, மேலே ஐந்து கிலோ கல் உப்பும் மஞ்சளும் போட்டுப் புதைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். உப்பு போட்டால் சீக்கிரம் மக்கிவிடும் என்று நம் ஊரில் ஒரு நினைப்பு உண்டு. உண்மை நேர்மாறானது: உப்பு ஈரத்தை உறிஞ்சி, உடல் மக்குவதைத் தாமதப்படுத்தும். கருவாடு எப்படி ஆகிறது என்று நினைத்துப் பாருங்கள். ஏழு மாதத்தில் நீங்கள் எதிர்பார்க்கும் சுத்தமான எலும்பு அங்கே இருக்காது. பாதி மக்கிய நிலையில் அவளைப் பார்த்தால், கண் மூடாத அந்தக் காட்சியின் மேல் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். தவிர, அந்த ஊசி மருந்தின் எச்சம் உடலிலும் சுற்றியுள்ள மண்ணிலும் நெடுநாள் தங்கும். தோண்டியதை நாயோ காக்கையோ கிளறித் தின்றால் அவற்றுக்கு ஆபத்து. இந்த ஊசி போட்ட விலங்கை மூன்றடிக்குக் குறையாமல், கிணறு, போர்வெல் பக்கம் இல்லாமல் புதைக்கச் சொல்வது இதனால்தான்.

நிலம் வீட்டுக்காரருடையது, அவருக்குத் தெரியாமல் தோண்டுவது சரியும் இல்லை. ஆனால் அவரிடம் பேசலாம், பேசியே ஆக வேண்டும். தரையில் சிமென்ட் தளம் மட்டும் போடுவதாக இருந்தால் இரண்டரை அடி ஆழத்தை அது தொடாது. பட்டு இருந்த இடத்திலேயே இருப்பாள். தூணுக்குக் குழி எடுப்பதாக இருந்தால் இடத்தைக் காட்டி, அதைத் தவிர்த்துக் குழியெடுக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாதென்றால் வேலை நடக்கும் நாளைத் தெரிந்துகொண்டு, கொத்தனாரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். கையுறை போட்டு, மண்ணோடு சேர்த்து அள்ளி, அதே கொல்லையில் வேறொரு மூலையில் நாலடி ஆழத்தில் வைத்துவிடலாம். அந்த நேரத்தில் உங்கள் கணவர் அங்கே நிற்கட்டும், நீங்கள் வேண்டாம். அடுத்த முறை இப்படி ஒரு நிலை வந்தால், பெரிய நகரங்கள் சிலவற்றில் வளர்ப்புப் பிராணிகளுக்கான தகன வசதி இருக்கிறது. சொந்த நிலம் இல்லாதவர்களுக்கு அதுவே நல்லது. சாம்பலை எந்த வீட்டுக்கும் கொண்டுபோகலாம்.

எகிப்தியர்கள் பற்றிச் சொன்னேன் அல்லவா? அவர்கள் பதப்படுத்திப் புதைத்த பூனைகளில் சுமார் 1,80,000 உடல்களை 1890-இல் லிவர்பூலுக்குக் கப்பலேற்றி, அரைத்து வயலுக்கு உரமாகப் போட்டுவிட்டார்கள். உங்கள் வீட்டுக்காரர் கார் கொட்டகைதான் போடுகிறார். இதைப் படித்து நீங்கள் கொஞ்சம் சிரித்தால் எனக்குச் சந்தோஷம்.

குழிமேல் வைத்த நந்தியாவட்டையைப் பிடுங்க வேண்டாம். பென்சில் கனத்தில் முற்றிய கிளையாகப் பார்த்து, ஒரு சாண் நீளத்துக்கு நாலைந்து குச்சிகள் வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மணல் கலந்த மண்ணில் நட்டு நிழலில் வையுங்கள். எல்லாம் பிழைக்காது, ஒன்றிரண்டு துளிர்த்துவிடும். சித்திரையில் வீடு மாறுவதற்குள் வேர் பிடிக்க இப்போதே வெட்டினால்தான் சரி. பால் வடியும் செடி என்பதால் பூனை மெல்லும்படி தரையில் வைக்காதீர்கள்.

மகனும் புதுக் குட்டியும்

மகனிடம் இந்த வாரமே உண்மையைச் சொல்லிவிடுங்கள். டாக்டர் வீட்டில் இருக்கிறாள் என்றால், ஏன் போய்க் கூட்டிவரவில்லை என்று அவன் கேட்கத்தான் செய்வான். கேட்கவில்லை என்றால், உங்களுக்கு அவள் வேண்டாமலாகிவிட்டாள் என்று முடிவு செய்திருப்பான். "தூங்க வைத்துவிட்டோம்" என்றும் சொல்லாதீர்கள். அதைக் கேட்ட பிள்ளைகள் தூங்கவே பயப்படுவதுண்டு. "பட்டுவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது, மருந்து கேட்கவில்லை, செத்துப்போய்விட்டாள், இனி வர மாட்டாள்" என்று நேராகச் சொல்லுங்கள். அவன் அழுதால், கூடவே உட்கார்ந்து அழுங்கள். முன்பு பொய் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டுவிடுங்கள். ஏழு வயதுக்கு அது நன்றாகப் புரியும்.

உங்கள் கணவர் குட்டி வாங்கலாம் என்பது பட்டுவை மறந்துவிட்டதால் இல்லை. நீங்கள் அழுவதைப் பார்க்கச் சகிக்காத மனிதருக்குத் தோன்றும் ஒரே வழி அது. மருத்துவ ரீதியாகத் தடை எதுவும் கிடையாது. சிறுநீரக நோய் தொற்றாது. (பூனைகளுக்கு வரும் பான்லூக்கோபீனியா என்ற வைரஸ் நோயில் இறந்திருந்தால் வேறு பதில் சொல்வேன். அந்தக் கிருமி வீட்டில் ஓராண்டுகூடத் தாக்குப்பிடிக்கும். அந்த வீட்டுக்குத் தடுப்பூசி போடாத குட்டியைக் கொண்டுவரக் கூடாது.) ஆனால் வீடு மாறும் நேரத்தில் வேண்டாம். புது வீட்டில் பொருள் அடுக்கி முடித்து, குட்டி என்று யாராவது சொன்னால் உங்களுக்குக் கோபம் வராத ஒரு நாளில் யோசியுங்கள். அந்த நாள் வராவிட்டாலும் பரவாயில்லை.

இப்போதைக்கு என் கவலை, கடிதத்தின் கடைசிப் பத்தியில் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன உங்கள் இன்னொரு பூனை சின்னு. ஒன்பது வயது. பட்டு படுத்திருந்த சாக்கைவிட்டு நகர மறுக்கிறாள், ராத்திரியில் கத்துகிறாள், முன்போல் சாப்பிடவில்லை என்கிறீர்கள். துணை போன பிறகு பூனைகள் தேடுவதும் கத்துவதும் உண்டு. அந்தச் சாக்கைத் துவைக்காமல் புது வீட்டுக்கும் கொண்டுபோங்கள். பழகிய வாசனை அங்கே உதவும். ஆனால் ஏழு மாதம் என்பது எல்லாவற்றையும் துக்கத்தின் கணக்கில் எழுதிவிட முடியாத காலம். வயதான பூனை ராத்திரியில் கத்துவதற்குத் தைராய்டு, ரத்த அழுத்தம், சிறுநீரகம் எதுவும் காரணமாகலாம். முழுதாக இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாலே பூனையின் கல்லீரலில் கொழுப்பு ஏறி உயிருக்கு ஆபத்தாகலாம். ஆகையால் வரும் சனிக்கிழமை அவளை அழைத்துப் போய் எடை, ரத்தம், சிறுநீர், ரத்த அழுத்தம் நான்கையும் பார்த்துவிடுங்கள். எஸ்டிஎம்ஏ என்ற பரிசோதனை அங்கே கிடைத்தால் அதையும் கேளுங்கள்; சிறுநீரகக் கோளாறை அது கிரியேட்டினினைவிட முன்னதாகவே காட்டிக்கொடுக்கும். அந்த மருத்துவமனைப் படியேற மனம் வரவில்லை என்றால் வேறு மருத்துவரிடம் போங்கள். போகும்போது, இரண்டு நாளாக அவள் குடிக்கும் தண்ணீரை அளந்து எழுதிக்கொண்டு போனால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம்.